வாளியில் பிழிந்த தூரம்

பெல்ட்டின் ஓரத்தை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஈரத்துணியை நாக்கு மாதிரி மடித்து அடியில் விட்டு, முன்னாலிருந்து பின்னாலே ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிளக்கை முதலிலேயே பிடுங்கிவிட்டேன். கைப்பிடியில் வேர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்ததைச் சோப்புத் தண்ணி தொட்டு எடுத்தாயிற்று, நம்பர் காட்டுகிற கண்ணாடியை ஈரம் படாமல் காய்ந்த துணியால் துடைத்தாயிற்று, பின் உருளையில் சுற்றியிருந்த தலைமுடியைப் பழைய பல் பிரஷால் சுரண்டி எடுத்தாயிற்று. இனிப் பெல்ட்டின் அடி மட்டுந்தான் பாக்கி. ஆனாலும் அவசரப்படாமல் துடைக்கிறேன், ஏனென்றால் இது முடிந்துவிட்டால் கைக்கு வேலை இருக்காது, கைக்கு வேலை இல்லாவிட்டால் கண் ரோட்டுக்குப் போகும், ரோட்டில் என் மகள் கனிஷ்கா போய்க் கால்மணி நேரம் ஆகிறது.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நாள். கனிஷ்கா ஆறாம் வகுப்பு. எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான், ஆறாவதுக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும், அது ஏழு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை, ஏறி இறங்க இரண்டு மொட்டைக் கரடு, பஸ் இரண்டு நேரம் வரும், இரண்டும் பள்ளிக்கூட நேரம் இல்லை. ஒருவர் வெளியே கிளம்பிப் போன கையோடு வீட்டைப் பெருக்கக் கூடாது, போனவருக்கு ஆகாது என்பார்கள். மிஷினைத் துடைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அதனால் துடைக்கிறேன்.

மிஷின் என்னுடையது இல்லை, இந்துராணி அக்காவுடையது. ஊருக்குக் கிழக்கே தென்னந்தோப்பு, தோப்புக்குள் பெரிய வீடு, அந்த வீட்டின் பின் அறையில் இந்த நடக்கிற மிஷின் நிற்கிறது. நான் இங்கே வேலைக்கு வந்து நாலு வருஷம். மிஷினும் நானும் ஒரே மாசத்தில்தான் இந்த வீட்டுக்குள் வந்தோம். அக்காவுக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார், அக்கா ரோட்டில் நடந்து பார்த்தார்கள், எதிரில் வருகிறவர்களெல்லாம் "என்னத்தா, வண்டி என்னாச்சு, இப்படி நடந்து வர்றீக" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லிச் சொல்லி, நடந்ததைவிட நின்றதுதான் அதிகம் என்று இதை வாங்கினார்கள். கூடவே ஒரு சைக்கிள் மிஷினும் வந்தது, அதில் ஈரத்துணி காயப்போடுகிறோம்.

சுத்தம் செய்கிற வேலை என்னிடம் வந்தது. கூட வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது, எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவது வரை படித்தவள், அதே ஏழு கிலோமீட்டரில் நின்றவள், படத்தைப் பார்த்துத்தான் எல்லாம் பழகினேன். வாரம் ஒரு தடவை துடைப்பது, மாசம் ஒரு தடவை நாலு திருகாணி கழற்றி மோட்டார் மூடியைத் திறந்து பஞ்சு பஞ்சாய்ச் சேர்ந்த தூசியை எடுப்பது, பல்லி முட்டை இருந்தால் அதை நோகாமல் எடுத்து ஜன்னலில் வைப்பது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெல்ட்டுக்கு அடியில் சின்னக் குப்பியிலிருந்து எண்ணெய் விடுவது, பெல்ட்டு ஒரு பக்கமாகப் போனால் வளைந்த சாவியைப் போட்டுக் கால் திருகு திருகுவது. எனக்கு வாய் வராது, நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணி கேட்கக்கூடக் கூச்சம், ஆனால் இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

இப்படித் துடைத்த தண்ணியை நான் எப்போதும் குளியலறைச் சாக்கடையில்தான் ஊற்றுவேன். தை மாசம் ஒரு வியாழக்கிழமை சாக்கடை அடைத்திருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கேட்டுக்கு முன்னால் புழுதி பறக்கிறதே என்று கையால் அள்ளி அள்ளித் தெளித்தேன், வீட்டு வாசல் தெளிக்கிற மாதிரி, மேற்கு முகமாக, எங்கள் தெரு இருக்கிற பக்கமாக. தெளித்துவிட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். தோப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு எட்டு வைத்தேன், புளியமரம் போனது. இரண்டாவது எட்டில் தண்ணி டேங்கு. மூணாவது எட்டில் மாரியம்மன் கோயில் சுவர். நாலாவது எட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றேன், கோழி என் காலில் இடித்துக்கொண்டு நகர்ந்து போனது. டிபன் டப்பாவை மறந்துவிட்டோமே என்று திரும்பினேன், அதுவும் நாலு எட்டு. டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தேன், நாலு எட்டு. சரி, இன்றைக்குக் கால் வலிக்காது என்று நினைத்துக்கொண்டு உலை வைத்தேன்.

மூணு நாள் மிச்ச வாளித் தண்ணியை அதே மாதிரி தெளித்துக்கொண்டு நடந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் போதும்பொண்ணு மதினிதான் கண்டுபிடித்தது. மதினிக்கு முன்னால் ஐந்து பொம்பளைப் பிள்ளை பிறந்ததால் அதற்கு அந்தப் பேர் வைத்தார்கள், ஆனால் அதற்குப் பேச்சு மட்டும் எப்போதும் போதாது.

"ஏண்டி சுருளி, நான் கடுகு போட்டு அது வெடிக்கங்குள்ள தோப்புக்குப் போயிட்டுத் திரும்பி வந்து நிக்குற. பறக்கிறியா என்ன?"

"இல்ல மதினி. வழி குறைஞ்சு போச்சு."

"எம்புட்டு?"

"நாலு எட்டு."

மதினி கரண்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, நான் தெளித்த பக்கமாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "ஆமா, நாலுதான்" என்றது. "எனக்கு அஞ்சு. எனக்குக் கால் குட்டை."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இந்துராணி அக்காவிடம் பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அக்கா மிஷினில் நடந்துகொண்டே கேட்டார்கள், நடந்துகொண்டே யோசித்தார்கள். "நாலு வருசமா நடக்குறேன், இந்த ரூமைத் தாண்டலை" என்றார்கள். "மூவாயிரம் கிலோமீட்டர்னு இதுல காட்டுது. அம்புட்டும் எங்க போச்சுன்னு நானே பல தடவை நெனச்சிருக்கேன். இதுக்குள்ளதான் கெடந்துருக்கு. எடுத்துக்கங்க, எனக்கெதுக்கு?"

எப்படி என்று யாரும் கேட்கவில்லை, எப்படிப் பங்கு வைப்பது என்றுதான் ஊரில் பேச்சு. நடந்த தூரம் பெல்ட்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் படிகிறது, துணியில் துடைத்து வாளியில் பிழிந்தால் தண்ணிக்கு வருகிறது, காலையில் வாசல் தெளிக்கும்போது எந்தத் திசையில் தெளிக்கிறோமோ அந்தத் திசை வழி அன்றைக்குக் குறைகிறது, பொழுது சாய்ந்தால் பழையபடி நீண்டுவிடுகிறது. இவ்வளவையும் ஒரு வாரத்தில் பொம்பளைகள் தெளித்துத் தெளித்தே தெரிந்துகொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ரோடு ரோடாகத்தான் கிடக்கும், நடக்கிறவர் காலுக்கும் கூப்பிடுகிறவர் குரலுக்கும்தான் தெரியும். திசை மாற்றித் தெளித்தால் வம்பு. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு வீட்டில் தெற்கே தெளித்துவிட்டார்கள், அந்த வீட்டு ஆள் பால் வாங்கக் கிளம்பிச் சுடுகாட்டில் போய் நின்றார், "முன்கூட்டியே வந்துட்டேன் போலருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் தோப்பு வீட்டுக் கேட்டில் சொம்பும் வாளியுமாக வரிசை நிற்கும். நான் பிழிந்து ஊற்றுவேன், மதினி யாருக்கு எம்புட்டு என்று அதட்டும். மாசமாக இருக்கிற பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வழிக்கு முதல் சொம்பு. ரேஷன் கடைக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாளி. வெள்ளாமைக் காட்டுக்கு ஒரு வாளி. கரட்டு மேலே இருக்கிற கன்னிமாருக்குப் பூசாரி ஒரு சொம்பு கேட்டார், படி ஏற முடியவில்லை என்று, கொடுத்தோம், ஆனால் அன்றைக்குச் சாமி கும்பிட வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் அவரே வேண்டாம் என்றுவிட்டார். மெட்ராஸ் போக வேண்டும் என்று ஒருவன் குடத்தோடு வந்தான்.

"மெட்ராஸ் எம்புட்டு தொலைவு தெரியுமாடா?" என்றார்கள் அக்கா உள்ளேயிருந்து. "நீ மெட்ராஸ் போறதுக்கு நான் ஒரு வருசம் நடந்துருக்கேன். போடா, பஸ்ஸுல போ."

சொம்பு வேண்டாம் என்றவர்களும் உண்டு. நடுத்தெருவில் ஒரு மருமகள், அவள் மாமியார் பக்கத்து ஊர், "எங்க வாசல்ல மட்டும் கெழக்க ஒரு சொட்டு விழுந்துறக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். டீக்கடைக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆள் இல்லை, ஆள் காத்திருந்தால்தானே டீ. அப்புறம் டவுனிலிருந்தே ஆட்கள் நாலு எட்டில் டீ குடிக்க வர ஆரம்பித்தார்கள், அவர் முகம் சரியாகிவிட்டது.

எனக்கென்று நான் எதுவும் கேட்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்காதான் கேட்டார்கள். "உனக்கு எந்தத் தெசைடி வேணும்?"

"வடக்கக்கா" என்றேன். "டவுன் பள்ளிக்கூடம்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். அந்த வாரமே பஸ்ஸில் போய்க் கனிஷ்காவுக்குப் பேர் எழுதிவிட்டு வந்தார்கள். "தோப்பு வண்டி விடியுமுன்னே தேங்காய் லோடு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் போயிருது, இல்லைன்னா நானே தெனம் கொண்டுபோய் விடுவேன், ஆனா ஒன் தண்ணி இருக்கும்போது வண்டி எதுக்கு?" என்றார்கள்.

என் வீட்டுக்காரர் பேர் மொக்கராசு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஏலத்தோட்ட வேலை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறினால் பொழுது சாய இறங்குவார். கோபக்காரர் இல்லை. மகள் மேல் உயிர். அதுதான் தொந்தரவே.

"அஞ்சு வரைக்கும் படிச்சாச்சுல்ல. போதும்" என்றார்.

"நாலு எட்டுதாங்க."

"ஒனக்கு நாலு எட்டு. நான் மலைக்கு அங்கிட்டு இருக்கேன். அவளுக்கு ஓடைகிட்ட ஒண்ணுன்னா நான் எத்தனை எட்டு வச்சு வர?"

கனிஷ்கா பேசியது. அது என்னை மாதிரி இல்லை, அவர் மாதிரியும் இல்லை. "யப்பா, ஓடையே ரெண்டாவது எட்டுலதான வரும். அது என்னைய என்ன பண்ணும்? பாக்குறதுக்குள்ள தாண்டிருவேன்." அவர் அதற்குச் சிரித்துவிட்டார். "பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் எங்கள் வீட்டில் முக்கால்வாசி சரி என்று அர்த்தம்.

அந்த முக்கால்வாசியை நான்தான் கெடுத்தேன்.

வைகாசிக் கடைசியில் எண்ணெய் விடுகிற முறை வந்தது. சின்னக் குப்பியைக் கவிழ்த்தால் காற்றுத்தான் வந்தது. புதுசு கூரியரில் வர வேண்டும், மேல்காற்று காலம், கூரியர்காரன் எங்கள் பக்கம் வண்டி ஓட்ட மாட்டான், பத்து நாள் ஆகும் என்றார்கள். பெல்ட்டு காய்ந்துபோய் அடியில் உரசியது, கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டது. யோசித்தேன். தலைக்குத் தேங்காயெண்ணெய், கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய், தையல் மிஷினுக்கு எண்ணெய் இல்லாத அன்றைக்குத் தேங்காயெண்ணெய், பிள்ளைக்குக் காலில் அடிபட்டால் தேங்காயெண்ணெய். தோப்பே தென்னந்தோப்பு. செக்கில் ஆட்டிய எண்ணெய் உழக்கு நிறைய எடுத்து, பெல்ட்டைத் தூக்கி, அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவினேன். மிஷின் சத்தமே இல்லாமல் ஓடியது, அறையெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்த வாசம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை, அந்தப் பெல்ட்டைத் துடைத்துப் பிழிந்த தண்ணியைத் தெளித்துக்கொண்டு போதும்பொண்ணு மதினி ரேஷனுக்குக் கிளம்பியது. ஒரு எட்டு வைத்தது. கால் நிற்கவில்லை. ரேஷன் கடை வந்தது, கடைக்காரர் தராசோடு நின்றார், மதினி அவருக்குக் கையைக் காட்டிக்கொண்டே வழுக்கிக்கொண்டு போனது, கரடு வழுக்கியது, ஓடை வழுக்கியது, மலை ரோட்டு வளைவு பதினேழும் வழுக்கியது, கடைசியில் கேரளா செக்போஸ்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றது. அங்கே இருந்த போலீஸ்காரர் மலையாளத்தில் என்னவோ கேட்டிருக்கிறார். "சீனி ரெண்டு கிலோ, பருப்பு ஒரு கிலோ" என்று மதினி கார்டை நீட்டியிருக்கிறது.

சாயங்காலம் கூலி ஜீப்பில் திரும்பி வந்தது, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மடியில் வெறும் பையோடு. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததாம், இறங்கும்போதும் சிரித்தது. "சுருளி, அடுத்த தடவை கொஞ்சம் கம்மியா தடவு. மூணாறு பாக்கணும்னுதான் ஆசை, இப்படியில்ல."

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கையைக் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார், சோற்றில் கை வைக்காமல் சொன்னார். "மதினிக்குக் கம்பி கெடச்சது. எம்புள்ளைக்கு எது கெடைக்கும்? வேணாம், சுருளி. பள்ளிக்கூடத்தைத் தாண்டி வழுக்கிட்டுப் போனா நான் எந்த ஊருன்னு தேட?"

கனிஷ்கா புதுப் பையை எடுத்து, அதற்குள் வைத்திருந்த நோட்டை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டி, திரும்ப உள்ளே வைத்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. "தப்பு நான் பண்ணது. நான் சரி பண்ணிருவேன். திங்கக்கெழம காலையில பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசி வருஷக்கணக்காகிறது. அவரே கொஞ்சம் மிரண்டுபோய்ச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவிடம் போனேன். எண்ணெய் வைத்த தலைக்கு என்ன செய்வோம் என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அரப்பும் சீயக்காயும் இருக்கிற டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். "நல்லாத் தேய்டி. வெள்ளிக்கெழமை வேற. பொம்பளைக்கு எண்ணெய்க் குளியல் பொருத்தந்தான்."

பிளக்கைப் பிடுங்கி, வளைந்த சாவியால் பின் உருளைத் திருகாணி இரண்டையும் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மதினி ஒரு முனை, அக்கா ஒரு முனை, நடுவில் நான். வெந்நீர் வைத்து, சீயக்காயைக் கரைத்து, உச்சியிலிருந்து கீழ்வரைக்கும் தேய்த்தோம். நுரை நுரையாக எண்ணெய் வந்தது, எண்ணெயோடு பாக்கி இருந்த தூரமெல்லாம் வந்தது, அக்கா நாலு வருஷம் நடந்ததில் ஊர் செலவழித்தது போக மிச்சம் இருந்தது அத்தனையும் வழுவழுவென்று வழிந்தது. அந்தத் தண்ணியை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் மேற்கு வரிசைத் தென்னைக்குப் பாய்ச்சினோம். மறுநாள் பார்த்தால் அந்த வரிசையில் பத்து மரமும் கேரளா பக்கமாக நாலடி நகர்ந்து நின்றன. காய்ப்புக்கு ஒன்றும் குறைவில்லை, வரப்புத்தான் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது.

பெல்ட்டுக்கு அடியில் இருக்கிற பலகையைக் காய்ந்த துணியால் மூணு தரம் துடைத்தேன். பெல்ட்டை நிழலில் சனிக்கிழமை முழுக்கக் காயப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் திருகி, நடுவில் ஓடுகிறதா என்று பார்க்கப் பிளக்கைச் செருகினால் கரண்டு இல்லை. மேல்காற்றில் எங்கேயோ கம்பி விழுந்துவிட்டது. மிஷினுக்குள் தூரமும் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் துடைத்தாலும் துணி வெள்ளையாகத்தான் வருகிறது. திங்கட்கிழமை காலைக்குள் புதுசாக ஏழு கிலோமீட்டர் யாராவது நடந்தாக வேண்டும்.

கரண்டு வந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. கூரியர்காரனும் அன்றைக்குத்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, காற்றில் தள்ளாடிக்கொண்டே வந்து எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தான். கொஞ்சம் நின்று ஒரு கால் கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போங்கள் தம்பி என்று அக்கா அவனையும் விடவில்லை. தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். காடு காடாக நடந்தவர்கள், தலையில் கட்டோடு கரடு ஏறி இறங்கினவர்கள், ஆனால் இந்த மிஷினில் ஏறினதும் ஒருத்திக்கும் நடக்க வரவில்லை. போகாமல் நடப்பதா என்று சிரிப்பு வந்துவிடுகிறது. மதினி இருநூறு மீட்டரில் சிரித்துச் சிரித்துக் கைப்பிடியில் தொங்கியது. "ஏ, இது என்னடி கூத்து, எம்புட்டு நடந்தாலும் ஒன் மூஞ்சிதான் எதுக்க நிக்குது." ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதாக நினைத்து நடந்தாள், நன்றாக நடந்தாள், அவள் இறங்கினபோது முக்கால் கிலோமீட்டர். மாமியார் ஊர் பக்கம் சொட்டு விழக் கூடாது என்றாளே நடுத்தெரு மருமகள், அவள்தான் அதிகம் நடந்தாள், ஒன்றேகால், மாமியாரிடமிருந்து தப்பித்துப் போகிற வேகம் என்று மதினி சொன்னது. அக்கா ஒன்று. நான் ஒன்று. ஐந்து கிலோமீட்டர் ஆனபோது மோட்டார் சூடாகி மிஷின் தானாக நின்றுவிட்டது. தொட்டால் கை சுட்டது. மூடியைத் திறந்து ஆறவிட்டு, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டதால் எல்லோரும் கலைந்துபோனோம். பாக்கி இரண்டு.

இன்றைக்கு விடியக்காலை நான் எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. ஜீப்புக்குப் போய்விட்டார், சொல்லாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே நின்றது, அப்புறம் போய்விட்டது. நான் தோப்புக்கு ஓடினேன். பின் அறையில் லைட் எரிந்தது. அக்கா தலை வாராமல் கதவோரம் நின்று, வாயில் விரலை வைத்து என்னைச் சத்தம் போடாதே என்றார்கள்.

அவர் மிஷின் மேல் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார், ஜீப்புக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இதுல நான் நடக்குறதுதான் அவ காலுக்கு அடியில வருமா?"

"ஆமாங்க."

பச்சைப் பொத்தானை நான் அமுக்கினேன். நடந்தார். ஆனால் மற்றவர்கள் மாதிரி நடக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார், சில இடத்தில் எட்டித் தாண்டினார், சில இடத்தில் பாதத்தால் எதையோ ஓரமாக ஒதுக்கினார். எனக்குப் புரியவில்லை.

"ஏன் இப்படித் தாண்டித் தாண்டி நடக்குறீக?"

"ஓடைகிட்ட கல்லு கெடக்கும்" என்றார். "கரட்டு எறக்கத்துல முள்ளு. ஒதுக்கிட்டு நடக்குறேன்."

அக்கா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். அவர் இரண்டு கிலோமீட்டரையும் அப்படியே நடந்து முடித்தார், முக்கால் மணி நேரம் ஆனது, இறங்கினபோது உள்ளங்கால் சிவந்திருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, பிழிந்தேன். தண்ணி எண்ணெய் இல்லாமல் சாம்பலாக, மழைக்கு முந்தின வானம் மாதிரி வாளியில் நின்றது. ஆனாலும் விரலை விட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை என்றுதான் தோன்றியது, ஆனால் என் விரலே இந்த வாரமெல்லாம் எண்ணெயில் கிடந்த விரல், அதை எப்படி நம்புவது?

எட்டரை மணிக்குக் கேட்டுக்கு முன்னால் வடக்கு முகமாகத் தெளித்தேன். கனிஷ்காவும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். அதன் அப்பா குனிந்து அதன் செருப்பு வாரைச் சரி பண்ணினார், சரியாக இருந்த வாரைத்தான் சரி பண்ணினார். "வழுக்குனா ஒக்காந்துரு" என்றார். "எதையும் எட்டிப் பிடிக்காத. அப்படியே ஒக்காந்துரு, நான் வந்துருவேன்."

"சரிப்பா" என்றது. ஒரு எட்டு வைத்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பார்த்தாலும் பிரயோசனமில்லை, பார்க்கிறவர்களுக்கு ரோடு ரோடாகத்தான் தெரியும். பிள்ளைகள் புளியமரத் திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள் என்று அக்கா வந்து சொன்னார்கள். அவர் இன்னும் கேட்டுக் கல்லில்தான் உட்கார்ந்திருக்கிறார். மதினி அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது, குடிக்கவில்லை போலிருக்கிறது, "அண்ணே, ஆடை விழுந்துருச்சு, ஈயும் விழுகப் போகுது" என்று அதட்டுகிற சத்தம் கேட்கிறது. நாலு எட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும். நான் பெல்ட்டின் வலது ஓரத்தையும் தூக்கித் துடைக்கிறேன், நாளைக்கும் ஏழு வேண்டுமே, நாளைக்கு முறை யாருடையது என்று மதினி கரியால் சுவரில் பேர் எழுதி வைத்திருக்கிறது, செவ்வாய் பூசாரி, புதன் டீக்கடைக்காரர், வியாழன் அந்த மருமகள், அவள் தானாகக் கேட்டு வாங்கினாள், வெள்ளிக்கிழமைக்கு இவர் பேரை நானே எழுதினேன், ஜீப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் வந்து நடந்துவிட்டுப் போகட்டும், அவர் நடந்த இடம் மட்டும் துணியில் கொஞ்சம் கருப்பாக, கொஞ்சம் கனமாக வருகிறது, அதைத் தனியாக ஒரு சொம்பில் பிழிந்து ஓடை வரும் இடத்துக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டே துணியை

"யம்மா."

பின்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தேங்காய் மட்டை குவித்திருக்கிற இடத்திலிருந்து, அடுப்படியில் நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது. அதற்குப் பின்னால் நூறு பிள்ளைகள் சத்தம், மணி அடிக்கிற சத்தம், யாரோ பெரியவர்கள் வரிசையாக நில்லுங்கள் என்று சொல்கிற சத்தம். கேட்டுப் பக்கம் காப்பி டம்ளர் உருள்கிறது, அவர் எழுந்துவிட்டார்.

"யம்மா, டீச்சர் ஒன்னையக் கூப்பிடுறாங்க. பாரத்துல அம்மா கையெழுத்து இல்லையாம். நீயே உள்ள வந்து போடணுமாம்."

"நானா?"

"நீதான், சீக்கிரம் வா, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்குறாங்க."

வர்றேன் கண்ணு, இந்தா வந்துட்டேன், கையெல்லாம் தூசியா இருக்கு, துணிய மட்டும் ஒரு தரம் பிழிஞ்சு போட்டுட்டு, மூஞ்சியக் கழுவி, பேரை முழுசா எழுதணுமா இல்ல சுருளின்னு மட்டும் போட்டா